ஒரே கட்டிலில் ஹெபாரினும் வார்ஃபரினும்

காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து, கெண்டைக்கால் வீங்கி வார்டுக்கு வரும் நோயாளிக்கு முதல் நாளே இரண்டு மருந்துகளைத் தொடங்குவது நெடுங்கால வழக்கம். சிரிஞ்சு பம்ப் வழியாக ஹெபாரின் ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் வார்ஃபரின் மாத்திரை ஒன்று. இரண்டுமே ரத்தம் உறைவதைத் தடுப்பவை. "ஒரே வேலைக்கு எதுக்கு சிஸ்டர் ரெண்டு மருந்து?" என்று நோயாளியின் மகள் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். "டாக்டர் எழுதியிருக்காரும்மா" என்பது அதற்குப் பதில் ஆகாது.

உடல் இந்த இரண்டையும் எப்படி நடத்துகிறது என்பதில் விடை இருக்கிறது. உறிஞ்சப்படுதல், பரவுதல், வளர்சிதை மாற்றம், வெளியேற்றம் என்ற நான்கையும் மருந்தியல் வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஊசியை எங்கே குத்துவது, எத்தனை மணிக்கு ரத்தம் எடுப்பது, நோயாளியிடம் எதை மறக்காமல் கேட்பது, தவறு நடந்தால் எந்த முறிமருந்தை எடுத்துக்கொண்டு ஓடுவது என்று செவிலியரின் கைவேலை முழுவதும் அந்த நான்கிலிருந்துதான் பிறக்கிறது. ஹெபாரினையும் வார்ஃபரினையும் அருகருகே வைத்தால் இது பளிச்சென்று தெரியும். நோக்கம் ஒன்று, உடலுக்குள் போகும் வழி, ரத்தத்தில் தங்கும் காரணம், வேலை தொடங்கும் நேரம், வெளியேறும் விதம் எல்லாமே வேறு.

பிறப்பிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்த ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவருக்கு உறையவிடாத பொருள் ஒன்று தென்பட்டது. நாயின் ஈரல் திசுவில் அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹவல் தொடர்ந்து செய்த ஆய்வில் ஹெபாரின் வந்தது. இன்று நாம் போடும் ஹெபாரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. வார்ஃபரினின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தப்போக்கு நிற்காமல் செத்து விழுந்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த கிடேரியையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் கார்ல் பால் லிங்கின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். தீவனத்திலிருந்த நச்சைப் பிரித்தெடுக்க லிங்கின் குழுவுக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே மாரடைப்புக்குப் பிறகு அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு அது கொடுக்கப்பட்டது.

இந்த இரு கதைகளிலேயே முதல் பாடம் இருக்கிறது. மாடுகள் தின்றுதான் செத்தன. ஆகவே வார்ஃபரினின் மூதாதை குடல் வழியாக நன்றாக உள்ளே போகக்கூடியது என்று தொழுவமே சொல்லிவிட்டது. வார்ஃபரினின் மூலக்கூறு எடை சுமார் 308; கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு. விழுங்கிய மாத்திரை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டு, நாலு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்ச அளவை எட்டும். ஹெபாரின் மூலக்கூறுகளோ சராசரியாக 15,000 எடையுள்ள சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றின் மேல் முழுக்க எதிர்மின்னூட்டம். குடற்சுவரை அவற்றால் தாண்ட முடியாது. வாயில் கொடுத்தால் ஒரு சொட்டுக்கூட ரத்தத்தில் சேராது.

எனவே ஹெபாரினுக்கு வழி இரண்டுதான்: சிரை, அல்லது தோலடி. தசையில் போடக் கூடாது. ஆழத்தில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். தோலடி ஊசிக்கு வயிறு நல்ல இடம். தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டராவது தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக இறக்கி, பிஸ்டனை இழுத்துப் பார்க்காமல் மெதுவாகச் செலுத்தி, எடுத்த பிறகு தேய்க்காமல் இலேசாக அழுத்திவிட வேண்டும். அடுத்த வேளைக்கு இடத்தை மாற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது என்று சொன்னாலும் பழக்கதோஷத்தில் பஞ்சு தானாகத் தேய்த்துவிடும். மறுநாள் வயிற்றில் கருநீலத் திட்டு நிற்கும். சிரை வழியில் வேலை நொடியில் தொடங்குகிறது. தோலடியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதிலும் குறைந்த அளவில் போட்டால் மூன்றில் ஒரு பங்கே ரத்தத்தை எட்டுகிறது.

உள்ளே போனபின் எங்கே தங்குகின்றன? இரண்டுமே பெரும்பாலும் ரத்த ஓட்டத்தோடேயே சுற்றுகின்றன, ஆனால் காரணம் வேறு. ஹெபாரின் உருவில் பெரியது, வெளியே கசிய முடியாது. வார்ஃபரின் சின்னதுதான், ஆனால் அதில் 99 சதவீதம் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீதி ஒரு சதவீதம்தான் வேலை செய்யும் மருந்து. ஈரல் கெட்டு, சத்துக் குறைந்து, ஆல்புமின் இறங்கிப்போன நோயாளியிடம் அதே மாத்திரை கூடுதலாக வேலை காட்டுவதற்கு இது ஒரு காரணம். கேஸ் ஷீட்டில் ஆல்புமின் அளவைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

நஞ்சுக்கொடி என்ற எல்லையில் இந்த உருவ வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிறது. ஹெபாரின் அதைத் தாண்டுவதில்லை. வார்ஃபரின் தாண்டுகிறது, கருவின் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வாரத்துக்குள் மூக்கெலும்பையும் எலும்பு வளர்ச்சியையும் கெடுக்கக்கூடும், பின்னால் சிசுவுக்கே ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்ட பெண்கள் நம் நாட்டில் ஏராளம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற செயற்கை வால்வுகளோடு வாழும் இளம்பெண்கள் நம் புறநோயாளிப் பிரிவுகளுக்கு வருகிறார்கள். ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் ஆழ்சிரை உறைவுக்கு இன்று பெருமளவில் வந்துவிட்டாலும், இயந்திர வால்வுக்கு அவை ஆகாது. வார்ஃபரினோ, நம்மூரில் அதிகம் புழங்கும் அதன் உறவான அசிட்ரோமோதான். கர்ப்பம் வரும்போது எதை எந்த மாதத்தில் கொடுப்பது என்பது இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய கடினமான முடிவு. சிசுவைக் காக்கும் ஹெபாரினில் தாயின் வால்வு அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடுதல். செவிலியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது சிறிதல்ல: "நாள் தள்ளிப்போச்சுன்னா ஒரு வாரம்கூடக் காத்திருக்காம வந்து சொல்லும்மா. ஆனா மாத்திரையை நீயா நிறுத்திடாதே" என்று அந்தப் பெண்ணிடம் தனியாக, மாமியார் பக்கத்தில் இல்லாத நேரத்தில் சொல்வது. தாய்ப்பால் கொடுக்க இரண்டு மருந்தும் தடையில்லை.

இனி, மகள் கேட்ட கேள்விக்கு வருவோம். ஹெபாரின் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடித்து, அதன் வேகத்தை ஆயிரம் மடங்கு வரை கூட்டுகிறது. ஆகவே மருந்து சேர்ந்த கணமே விளைவு. வார்ஃபரின் ரத்தத்தில் எதையும் நேரடியாகத் தொடுவதில்லை. ஈரல் வைட்டமின் கே-யைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து 2, 7, 9, 10 ஆம் உறைகாரணிகளைச் செய்கிறது. அந்தப் புதுப்பித்தலை வார்ஃபரின் தடுக்கிறது. மதகை அடைத்த பிறகும் வாய்க்காலில் ஏற்கெனவே ஓடிய தண்ணீர் வடியும்வரை வயல் நனைந்துகொண்டுதான் இருக்கும். முன்பே தயாராகிச் சுற்றிக்கொண்டிருக்கும் காரணிகள் தீர்ந்தால்தான் விளைவு தெரியும். ஏழாம் காரணி ஆறு மணி நேரத்தில் பாதியாகும். ஒன்பது, ஒரு நாளில். பத்து, ஒன்றரை நாளுக்கு மேல். இரண்டாம் காரணிக்கு இரண்டரை நாள் வரை.

இங்கே ஒரு கண்கட்டு இருக்கிறது, மாணவர்கள் அதில் மயங்கக் கூடாது. வார்ஃபரின் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை எண் ஏறத் தொடங்கும். "மருந்து பிடிச்சிடுச்சு" என்று தோன்றும். உண்மையில் அப்போது குறைந்திருப்பது அற்பாயுள் கொண்ட ஏழாம் காரணி மட்டும். உறைவை உண்மையில் நிறுத்த வேண்டிய இரண்டாம் காரணி இன்னும் பெருமளவு மிச்சமிருக்கிறது. அதைவிட மோசம், உறைவைத் தடுக்கும் இயற்கைப் புரதமான புரோட்டீன் சி-யும் வைட்டமின் கே-யை நம்பியே உருவாவது. அதன் அரை ஆயுள் சுமார் எட்டு மணி நேரம்தான். ஆக முதல் சில நாட்கள் வார்ஃபரின் மட்டும் கொடுத்தால், உறைவைத் தடுக்க வந்த மருந்தே உறையும் போக்கைக் கூட்டிவிடலாம். அரிதாகச் சிலருக்கு மார்பிலும் தொடையிலும் தோல் கறுத்து அழுகுவதும் இதனால்தான். அந்த இடைவெளியை ஹெபாரின் அடைக்கிறது. குறைந்தது ஐந்து நாள் இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும், ஐ.என்.ஆர். 2-ஐத் தாண்டி ஒரு முழுநாள் அங்கேயே நிற்க வேண்டும். அதன்பிறகே ஹெபாரினை நிறுத்துவார்கள். மகளிடம் இதை இப்படிச் சொல்லலாம்: "மாத்திரை வேலை செய்ய அஞ்சாறு நாள் ஆகும்மா. அதுவரைக்கும் அப்பாவைக் காப்பாத்துறது இந்த ஊசி மருந்துதான்."

வெளியேறும் விதத்தில் ஹெபாரின் ஒரு விந்தையான குணம் காட்டுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களும் மேக்ரோஃபேஜ் செல்களும் அதைப் பிடித்துச் சிதைக்கின்றன. ஆனால் அந்தச் செல்களின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. அவை நிரம்பிவிட்டால் மீதி மருந்து சிறுநீரகம் வழியாக மெதுவாகத்தான் போக வேண்டும். ஆகவே ஹெபாரினின் அரை ஆயுள் ஒரே எண் அல்ல: கிலோவுக்கு 25 யூனிட் சிரையில் போட்டால் அரை மணி நேரம், 100 யூனிட்டுக்கு ஒரு மணி நேரம், 400 யூனிட்டுக்கு இரண்டரை மணி நேரம்.

புத்தகத்தில் வறண்டு கிடக்கும் இந்த எண்கள் நர்சிங் ஸ்டேஷனில் என்ன ஆகின்றன என்று பாருங்கள். நம் மருந்தறைகளில் ஹெபாரின் 5 மில்லி குப்பிகளாக வருகிறது. ஒன்றில் மில்லிக்கு 1,000 யூனிட், இன்னொன்றில் மில்லிக்கு 5,000 யூனிட். குப்பியின் அளவு ஒன்று. 60 கிலோ நோயாளிக்கு முதல் டோஸ் 5,000 யூனிட் என்றால் முதல் குப்பியிலிருந்து 5 மில்லி எடுக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து 1 மில்லி. கை பழக்கத்தில் இரண்டாவதிலிருந்து 5 மில்லி எடுத்துவிட்டால் போவது 25,000 யூனிட்: கிலோவுக்கு 400-ஐத் தாண்டிவிட்டது. டோஸ் ஐந்து மடங்கானதோடு நிற்கவில்லை. அதைக் கழிக்கும் வழியும் நிரம்பிவிட்டதால், பெருந்தவறு சிறு தவறைவிட நீண்ட நேரம் உடலில் நிற்கிறது. பம்ப் சிரிஞ்சிலும் அப்படித்தான். 50 மில்லியில் 25,000 யூனிட் கலந்திருந்தால் மணிக்கு 1,080 யூனிட் என்பது 2.16 மில்லி. தசமப்புள்ளி ஒன்று நழுவினால் மணிக்கு 21.6 மில்லி. குப்பியை எடுக்கும்போதும், கலக்கும்போதும், பம்ப்பில் எண்ணைப் போடும்போதும் இரண்டாவது செவிலியர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். டியூட்டியில் ஆள் குறைவு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இந்த ஒரு மருந்துக்கு அதை விட்டுக்கொடுக்க முடியாது.

வார்ஃபரினை ஈரல் கையாள்கிறது. அதன் இரு வடிவங்களில் வீரியம் அதிகமான எஸ் வடிவத்தைச் சிதைப்பது சி.ஒய்.பி. 2சி9 என்ற நொதி. சராசரி அரை ஆயுள் சுமார் 40 மணி நேரம். மிஞ்சும் சிதைபொருள்கள்தான் சிறுநீரில் போகின்றன. இந்த நொதி ஒருவரிடம் சுறுசுறுப்பாகவும் இன்னொருவரிடம் மந்தமாகவும் இருப்பது பிறவியிலேயே வருவது. ஒருவருக்கு 2 மில்லிகிராமே போதும், பக்கத்துக் கட்டில்காரருக்கு 8 வேண்டியிருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம். அசிட்ரோமின் அரை ஆயுள் சுமார் 8 முதல் 11 மணி நேரம்தான். ஒரு வேளை மாத்திரையை விட்டுவிட்டால் ஐ.என்.ஆர். சட்டென்று இறங்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே மில்லிகிராமில் கொடுக்கவும் கூடாது.

ஈரலின் நொதியை நம்பியிருப்பதால், வார்ஃபரின் நோயாளியின் வாழ்க்கை முழுவதோடும் பின்னிக்கொள்கிறது. ஹெபாரினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட்டால் நொதி முடங்கி ஐ.என்.ஆர். எகிறும், கோ-ட்ரைமாக்சசோலும் ஃப்ளூகோனசோலும் அப்படியே. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் தலைகீழ்: நொதி பெருகி, வார்ஃபரினை இரண்டு மூன்று மடங்கு கூட்டியும் ஐ.என்.ஆர். எட்டாமல் நிற்கலாம். உண்மையான ஆபத்து ஆறு மாதம் கழித்து வருகிறது. காசநோய் குணமாகி ரிஃபாம்பிசின் நின்றதும், இரண்டு மூன்று வாரங்களில் நொதி பழைய நிலைக்குத் திரும்பும். கூட்டி வைத்த டோஸ் அப்படியே தொடர்ந்தால் ரத்தம் கொட்டும். காசநோய் மையத்திலும் இதயப் பிரிவிலும் தனித்தனிச் சீட்டோடு அலையும் நோயாளியின் இரு சீட்டையும் ஒன்றாக விரித்துப் பார்ப்பவர் பல நேரம் செவிலியர்தான்.

"கீரை சாப்பிடவே கூடாதாமே சிஸ்டர்?" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. முருங்கைக்கீரையிலும் மற்றக் கீரைகளிலும் வைட்டமின் கே நிறைய. அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். ஆனால் டோஸ் அவருடைய வழக்கமான சாப்பாட்டுக்குத் தக்கபடிதான் நிர்ணயமாகிறது. வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் வாரம் இரண்டு நாள். ஒரு மாதம் அறவே விட்டுவிட்டு, மறுமாதம் தோட்டத்தில் தழைத்திருக்கிறது என்று தினமும் சாப்பிடுவதுதான் கெடுதல். கீரையை முற்றாக நிறுத்தச் சொல்லி, ஏற்கெனவே சோகை பிடித்த பெண்ணிடமிருந்து இருக்கும் சத்தையும் பிடுங்குவது நல்ல அறிவுரை அல்ல. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபெனாக்கைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்; அது இரைப்பையைப் புண்ணாக்கும், தட்டணுக்களையும் மந்தப்படுத்தும்.

கண்காணிப்பும் இந்த வேறுபாடுகளின் வழியே செல்கிறது. ஹெபாரினுக்கு ஏ.பி.டி.டி. என்ற உறைவுப் பரிசோதனை; பம்ப் தொடங்கியோ வேகத்தை மாற்றியோ ஆறு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். மருந்து ஓடாத கையிலிருந்து எடுப்பது முக்கியம். நீல மூடிக் குழாயைக் குறித்த கோடு வரை நிரப்பாவிட்டால் உள்ளிருக்கும் சிட்ரேட்டின் விகிதம் கெட்டு எண் பொய்யாகும். ஹெபாரின் போடும் நாட்களில் தட்டணு எண்ணிக்கையையும் பார்த்துவர வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு அது பாதியாகச் சரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வார்ஃபரினுக்கு ஐ.என்.ஆர்.; பெரும்பாலான நோய்களுக்கு இலக்கு 2 முதல் 3. மாத்திரையை மாலையில் கொடுக்கும் வழக்கத்துக்குக் காரணமும் இதுதான்: காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்து, அன்றைய டோஸையே மாற்ற நேரம் கிடைக்கும். ஆனால் இன்று மாற்றிய டோஸின் முழு விளைவு இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும். ஹெபாரினில் செய்த தவறு அதே ஷிஃப்டில் காட்டிக்கொடுக்கும். வார்ஃபரினில் திங்கட்கிழமை இரட்டையாகக் கொடுத்த மாத்திரை புதன்கிழமை வேறொருவர் டியூட்டியில் மூக்கில் ரத்தமாக வரும். எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் பயம்.

ரத்தம் கசியத் தொடங்கினால் என்ன? ஹெபாரின் என்றால் பம்ப்பை நிறுத்துவதே பாதி மருத்துவம். சில மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். அவசரம் என்றால் புரோட்டமின். சால்மன் மீனின் விந்திலிருந்து கண்டறியப்பட்ட, நேர்மின்னூட்டம் கொண்ட இந்தப் புரதம் ஹெபாரினோடு ஒட்டி அதை முடக்குகிறது. 1 மில்லிகிராம் சுமார் 100 யூனிட்டுக்கு. ஒரு வேளைக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், பத்து நிமிடமாவது எடுத்து, ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செலுத்த வேண்டும். மீன் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எனோக்ஸாபரின் போன்ற சிறு மூலக்கூறு ஹெபாரினை இது முழுதாக முடக்காது. அந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகத்தையே நம்பியிருப்பது என்பதால், கிரியாட்டினின் ஏறிய நோயாளியிடம் அது தேங்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

வார்ஃபரினுக்கு முறிமருந்து வைட்டமின் கே. இதுவும் ஈரல் புதிய காரணிகளைச் செய்து முடிக்கும்வரை பலன் தராது. சிரையில் கொடுத்தாலும் ஆறு மணி நேரமாவது ஆகும், வாய்வழி என்றால் ஒரு நாள் வரை. உயிருக்கு ஆபத்தான கசிவில் அதுவரை காத்திருக்க முடியாது. தயாரான காரணிகளையே உறைந்த பிளாஸ்மாவாகவோ காரணிச் செறிவாகவோ ஏற்ற வேண்டும். கூடவே வைட்டமின் கே-யும் வேண்டும், ஏற்றிய காரணிகள் தீர்ந்த பிறகும் வார்ஃபரின் உடலில் மிச்சம் இருக்கும். கசிவே இல்லாமல் ஐ.என்.ஆர். மட்டும் ஏறியிருந்தால் பல நேரம் ஓரிரு வேளை மாத்திரையை நிறுத்தினாலே போதும். மிக அதிகமாக இருந்தால் சிறிய அளவு வைட்டமின் கே-யை வாய்வழியாக மருத்துவர் எழுதுவார். 10 மில்லிகிராம் முழுதாகப் போய்விட்டால் அதன்பின் ஒரு வாரம் வரை வார்ஃபரின் எடுபடாது. இயந்திர வால்வு உள்ளவருக்கு அந்த ஒரு வாரம் வால்விலேயே ரத்தம் உறையும் வாரம். வைட்டமின் கே ஆம்ப்யூலும் 1 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராமிலும் வருகிறது. உடைப்பதற்கு முன் லேபிளையும், நோயாளியின் மார்பில் அறுவைத் தழும்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.